பெரிய என்ஜின் மட்டும் போதுமா?

(முன்னாள் மாணவர் சங்க ஒன்றுகூடல் விழாவில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)



செயலாளர் அண்ணன் போனில் கூப்பிட்டு, "நீ செய்யற வேலையைப் பத்திப் பேசு. ஆனா யாருக்கும் தூக்கம் வராத மாதிரி பேசு" என்றார். நான் இங்கிலாந்தில், பர்மிங்காம் பக்கத்தில், கியர்களையும் ஆக்சில்களையும் சோதிக்கிற வேலையில் இருக்கிறேன். ஒரு பல்சக்கரம் எத்தனை லட்சம் சுற்றில் உடையும் என்று உட்கார்ந்து பார்க்கிற வேலை. அதைப் பேசினால் முன்வரிசையே தூங்கிவிடும். ஆகவே அதற்குப் பக்கத்து வீட்டு விஷயம் ஒன்றை எடுத்துக்கொண்டேன். பழைய ஸ்போர்ட்ஸ் காரில் பெரிய என்ஜினைத் தூக்கி வைப்பது எப்படி? வைத்தால் என்ன ஆகும்?

இந்தத் தலைப்புக்கு ஒரு காரணம் உண்டு. நம் மூன்றாம் ஆண்டுத் தம்பி ஒருவர் சில மாதங்களுக்கு முன் எனக்கு எழுதியிருந்தார். "அண்ணா, அப்பாவோட பழைய கார் ஷெட்ல சும்மா நிக்குது. பெரிய என்ஜின் போடலாம்னு இருக்கேன். எந்த என்ஜின் போடலாம், சொல்லுங்க." நான் பதிலுக்கு ஒரே ஒரு கேள்வி கேட்டேன்: "தம்பி, பிரேக் எப்படி இருக்கு?" அதற்கப்புறம் அவரிடமிருந்து பதிலே இல்லை. கிண்டல் செய்கிறேன் என்று நினைத்துவிட்டார் போலிருக்கிறது. கிண்டல் இல்லை. நான் இன்று பேசப்போவது முழுக்க அந்தக் கேள்விக்கான விளக்கம்தான்.

என்ஜினை மாற்றும் வேலை உலகத்தில் புதிதல்ல. இதில் மிகப் பெரிய பெயர் வாங்கியவர் அமெரிக்காவின் கரோல் ஷெல்பி. 1959-இல் லெ மான் 24 மணி நேரப் பந்தயத்தை வென்ற ஓட்டுநர். இதயக் கோளாறினால் ஓட்டுவதை விட்டவர், 1961-இல் இங்கிலாந்தின் ஏ.சி. கம்பெனிக்கு ஒரு கடிதம் எழுதினார். உங்கள் 'ஏஸ்' காரில் அமெரிக்க வி-8 என்ஜின் வைக்கலாமா என்று கேட்டார். அந்த சமயத்தில் ஏ.சி.க்கு வந்துகொண்டிருந்த பிரிஸ்டல் என்ஜினும் நின்றுபோகிற நிலை. கம்பெனி சரி என்றது. ஃபோர்டு அப்போதுதான் மெல்லிய சுவர் வார்ப்பில் 260 கன அங்குல, அதாவது 4.2 லிட்டர், வி-8 ஒன்றைக் கொண்டு வந்திருந்தது. 1962 தொடக்கத்தில் சேஸிஸ் கலிபோர்னியாவுக்கு வந்து இறங்கியது. சில மணி நேரத்தில் என்ஜினை உள்ளே இறக்கிவிட்டார்கள். அதுதான் கோப்ரா.

'சில மணி நேரத்தில்' என்பதைத்தான் எல்லாரும் சொல்லிச் சொல்லி மகிழ்கிறார்கள். அந்தச் சேஸிஸ் கப்பல் ஏறுவதற்கு முன்னால் ஏ.சி. தொழிற்சாலையில் என்ன செய்தார்கள் என்பதை யாரும் சொல்வதில்லை. பின் டிஃபரென்ஷியலை எடுத்துவிட்டு வலுவான வேறொன்றை வைத்தார்கள். சேஸிஸ் குழாயின் சுவரைத் தடிமனாக்கினார்கள். ஸ்டீயரிங் பெட்டியை நகர்த்தினார்கள். கலிபோர்னியாவில் நடந்தது கல்யாணம் மட்டும். பொருத்தம் பார்த்தது, நிச்சயம் செய்தது, பந்தல் போட்டது எல்லாம் இங்கிலாந்தில்! பின்னாளில் 427 கன அங்குல என்ஜின், அதாவது 7 லிட்டர், வேண்டும் என்று வந்தபோது பழைய சேஸிஸ் தாங்காது என்று ஆயிற்று. 3 அங்குலக் குழாய் 4 அங்குலம் ஆனது, குறுக்கே போட்டிருந்த லீஃப் ஸ்பிரிங் போய்ச் சுருள் ஸ்பிரிங் வந்தது. பெயர் அதே கோப்ரா. அடியில் வேறு வண்டி.

அதே ஃபோர்டு என்ஜினை 1964-இல் இன்னொரு இங்கிலாந்துக் காரில் வைத்தார்கள். சன்பீம் ஆல்பைன் என்ற அடக்கமான கார், அதற்குள் 4.2 லிட்டர் வி-8, பெயர் 'டைகர்'. இடம் அவ்வளவு நெருக்கடி. ஸ்டீயரிங் அமைப்பையே மாற்றி ரேக்-பினியன் போட வேண்டியதாயிற்று. இருக்கிற எட்டு ஸ்பார்க் பிளக்கில் ஒன்றைக் கழற்ற, என்ஜினுக்கும் பயணிகள் அறைக்கும் நடுவே இருக்கும் தகட்டில் ஓர் ஓட்டை வைத்தார்கள். மெக்கானிக் காருக்குள் உட்கார்ந்து, அந்த மூடியைத் திறந்து, கையை விட்டுப் பிளக்கைக் கழற்ற வேண்டும். நம் ஊர் மெக்கானிக் பார்த்திருந்தால், "சார், இதுக்குத் தனி லேபர் சார்ஜ்" என்றிருப்பார்.

அந்த டைகரின் கதை முடிந்ததும் என்ஜினால்தான். காரைச் செய்த ரூட்ஸ் கம்பெனி கிரைஸ்லர் கைக்குப் போனது. போட்டிக் கம்பெனியான ஃபோர்டின் என்ஜினை எத்தனை நாள் வாங்குவது? கிரைஸ்லரிடமும் வி-8 இருந்தது. ஆனால் அதற்கு டிஸ்ட்ரிபியூட்டர் பின்பக்கம், ஃபோர்டுக்கு முன்பக்கம். அந்த ஒரு சின்ன விஷயத்தால் என்ஜின் அறைக்குள் அது போகவில்லை. 1967-இல் காரை நிறுத்திவிட்டார்கள். லிட்டர் கணக்கும் குதிரைத்திறன் கணக்கும் சரியாக வந்தன. டிஸ்ட்ரிபியூட்டருக்கு இடம் இல்லை. வரைபடத்தில் ஒரு சாண் அளவு, ஒரு காரின் ஆயுளையே முடித்தது.

இப்போது இன்றைய பேச்சின் நடுப்பகுதிக்கு வருகிறேன். எம்.ஜி.பி. என்ற கார். 1962 முதல் 1980 வரை ஆபிங்டன் என்ற ஊரில் செய்தார்கள். எல்லா வகையும் சேர்த்து ஐந்து லட்சத்துக்கும் மேல். இரண்டு பேர் உட்காரும் திறந்த கார், 1,798 சிசி, நான்கு சிலிண்டர், சுமார் 95 குதிரைத்திறன். இங்கிலாந்தில் இன்றும் ஞாயிற்றுக்கிழமை வெயில் அடித்தால் தெருவில் ஒன்றாவது வந்துவிடும். இந்த ஒரே காரில், ஒரே கம்பெனி, ஆறு வருட இடைவெளியில் இரண்டு முறை பெரிய என்ஜின் வைத்தது. ஒன்று தவறாகப் போயிற்று, ஒன்று சரியாக வந்தது. இதைவிட நல்ல சோதனை நம் ஆய்வுக்கூடத்தில்கூடக் கிடைக்காது.

முதல் முயற்சி 1967-இல். பெயர் எம்.ஜி.சி. 2,912 சிசி, ஒரே வரிசையில் ஆறு சிலிண்டர், 145 குதிரைத்திறன். காகிதத்தில் பிரமாதம். ஆனால் அந்த என்ஜின் முழுக்க வார்ப்பிரும்பு. பழைய என்ஜினைவிடச் சுமார் 95 கிலோ கூடுதல். அதோடு நீளம். ஆறு சிலிண்டரும் ஒரே வரிசையில் நிற்பதால் எடையில் பெரும்பகுதி முன்சக்கரங்களின் மேலேயே போய் உட்கார்ந்தது. முன் சஸ்பென்ஷனை முழுவதும் மாற்றி டார்ஷன் பார் போட்டார்கள். சக்கரத்தை 14-இலிருந்து 15 அங்குலம் ஆக்கினார்கள். உயரம் இடித்ததால் பானெட்டில் ஒரு புடைப்பு வைத்தார்கள். இவ்வளவும் செய்து, வளைவில் திருப்பினால் மூக்கு கனத்து வெளியே போகிறது என்று பத்திரிகைக்காரர்கள் எழுதினார்கள். 1969-இல் நிறுத்திவிட்டார்கள்.

மாணவத் தம்பிகளே, இங்கே கவனியுங்கள். 95 கிலோ என்பது பெரிய எடையா? ஒரு ஆள், கொஞ்சம் லக்கேஜ். அதே ஆள் காரின் நடுவில் உட்கார்ந்தால் காருக்கு ஒன்றுமே தெரியாது. முன் அச்சின் மேல் உட்கார்ந்தால் காரின் குணமே மாறிவிடுகிறது. எடை எவ்வளவு என்பது பாதிக் கேள்வி, எடை எங்கே என்பது மீதிப் பாதி. முதலாம் ஆண்டு மெக்கானிக்ஸ் பாடத்தில் திருப்புத்திறனுக்குக் கணக்குப் போட்டோமே, அதுதான். நமக்கு அது ஐந்து மார்க் கேள்வி. ஆபிங்டனுக்கு அது ஒரு காரின் தலையெழுத்து.

இரண்டாவது முயற்சியைத் தொடங்கியது கம்பெனி அல்ல; கென் கோஸ்டெல்லோ என்ற ஒரு பந்தய ஓட்டுநர். அவர் 1970 வாக்கில் ரோவர் கம்பெனியின் 3,528 சிசி வி-8 என்ஜினை எம்.ஜி.பி.யில் வைத்து விற்க ஆரம்பித்தார். அந்த என்ஜினுக்கே ஒரு வரலாறு உண்டு. 1961-இல் அமெரிக்காவில் ப்யூக் கார்களுக்காகச் செய்த அலுமினிய என்ஜின் அது. அங்கே சில ஆண்டுகளில் கைவிட்டுவிட்டார்கள். ரோவரின் நிர்வாக இயக்குநர் அமெரிக்கா போனபோது, படகு என்ஜின் செய்யும் ஒரு தொழிற்சாலையில் அதைக் கண்டு, 1965-இல் ரோவர் உரிமையை வாங்கியது. ஒருவர் வேண்டாம் என்று ஒதுக்கியது, இன்னொருவர் வீட்டில் நாற்பது வருடம் உழைத்தது.

அலுமினியம் என்பதால் எட்டு சிலிண்டர் இருந்தும் எம்.ஜி.பி.யின் பழைய நான்கு சிலிண்டர் இரும்பு என்ஜினைவிட அது கனம் இல்லை. வி வடிவம் என்பதால் நீளமும் குறைவு. கோஸ்டெல்லோ செய்த காரைக் கம்பெனியே வரவழைத்துப் பார்த்தது. பிறகு தானே இறங்கி, 1973-இல் எம்.ஜி.பி. ஜி.டி. வி-8 என்று கொண்டுவந்தது. 137 குதிரைத்திறன், மணிக்குச் சுமார் 200 கிலோமீட்டர். எம்.ஜி.சி.யைவிடக் குதிரைத்திறன் 8 குறைவு என்பதைக் குறித்துக்கொள்ளுங்கள். ஓட்டியவர்கள் புகழ்ந்தது இதைத்தான்.

என்ஜின் ஒன்றை மட்டும் அவர்கள் மாற்றவில்லை. கார்புரேட்டர்களைப் பின்னால் தள்ளி வைத்து, பானெட்டில் புடைப்பே இல்லாமல் செய்தார்கள். ரேடியேட்டரை முன்னால் நகர்த்தினார்கள். பிரேக் டிஸ்க்கைத் தடிமனாக்கிக் காலிப்பரைப் பெரிதாக்கினார்கள். திறந்த காரில் அதை விற்கவே இல்லை. கூரை மூடிய ஜி.டி. உடலில் மட்டும் வைத்தார்கள். கூரை இருந்தால் கூடு முறுக்கத்துக்கு நன்றாகத் தாங்கும். சோப்புப் பெட்டியை மூடியோடும், மூடி இல்லாமலும் முறுக்கிப் பாருங்கள், புரிந்துவிடும்.

இனி என் சொந்தத் தொழிலுக்கு வருகிறேன், ஆக்சில். ஒரே ஒரு பெருக்கல் கணக்கு, பொறுத்துக்கொள்ளுங்கள். என்ஜின் தரும் முறுக்குவிசையை முதல் கியரின் விகிதத்தாலும் ஆக்சில் விகிதத்தாலும் பெருக்கினால், பின்சக்கரத்துக்குப் போகும் விசை கிடைக்கும். பழைய எம்.ஜி.பி.யில் என்ஜின் 149 நியூட்டன் மீட்டர், முதல் கியர் 3.44, ஆக்சில் 3.909. பெருக்கினால் சுமார் 2,000. வி-8 என்ஜின் 262 தருகிறது. கியரையும் ஆக்சிலையும் தொடாமல் என்ஜினை மட்டும் மாற்றினால் 3,500-ஐத் தாண்டிவிடும். 75 சதவீதம் கூடுதல். 100 கிலோ மூட்டை தூக்கிப் பழகியவன் தோளில் திடீரென்று 175 கிலோ!

கம்பெனி என்ன செய்தது? முதல் கியரை 3.138 ஆக்கியது, ஆக்சிலை 3.071 ஆக்கியது. இப்போது பெருக்கிப் பாருங்கள்: சுமார் 2,525. கூடுதல் 26 சதவீதம் மட்டும். என்ஜினின் பலம் முக்கால் பங்கு ஏறியும், ஆக்சிலின் தோளில் கால் பங்குதான் ஏறியது. அது மட்டுமா? நான்காம் கியரில் அதே வேகத்துக்கு என்ஜின் 21 சதவீதம் குறைவாகச் சுற்றினால் போதும். சத்தம் குறைவு, தேய்மானம் குறைவு. விலை உயர்ந்த உலோகமோ புதுக் கண்டுபிடிப்போ கிடையாது. இரண்டு பல்சக்கர ஜோடிகளில் பற்களின் எண்ணிக்கையை மாற்றினார்கள். நல்ல பொறியியல் பெரும்பாலும் இப்படித்தான், பார்த்தால் ஒன்றுமே செய்யாத மாதிரி இருக்கும்.

பிரேக்குக்கும் இதே மாதிரி ஒரு கணக்கு. பழைய கார் மணிக்குச் சுமார் 168 கிலோமீட்டர் போகும், புதியது 200. வேகம் ஐந்தில் ஒரு பங்குகூட ஏறவில்லை. ஆனால் இயக்க ஆற்றல் வேகத்தின் வர்க்கத்தைப் பொறுத்தது, அது 1.4 மடங்கு ஆகிவிடும். அத்தனையும் நிற்கும்போது பிரேக் டிஸ்க்கில் வெப்பமாக மாற வேண்டும். என்ஜின் வண்டியை ஓட வைக்கிறது. ஆனால் என்ஜினுக்கு வண்டியை நிறுத்துகிற பொறுப்பு கிடையாது. அந்தப் பொறுப்பு இன்னொரு பாகத்தின் தலையில் விழுகிறது, அந்தப் பாகத்தை யாரும் கேட்பதில்லை.

புத்தகத்தில் படித்தால் இதெல்லாம் எனக்கு இவ்வளவு பதிந்திருக்காது. என் எதிர்வீட்டில் ஒரு பெரியவர் இருக்கிறார். ஓய்வு பெற்ற டூல்ரூம் ஃபிட்டர். அவரிடம் 1971-ஆம் வருடத்து எம்.ஜி.பி. திறந்த கார் ஒன்று. அதில் ரோவர் வி-8 வைக்க வேண்டும் என்று நெடுநாள் ஆசை. பழைய ரோவர் காரிலிருந்து என்ஜினையும், அதோடு ஐந்து கியர் பெட்டியையும் வாங்கிவைத்தார். சனிக்கிழமைகளில் நான் உதவிக்குப் போவேன். உதவி என்றால், முதல் வருடம் ஸ்பேனர் எடுத்துக் கொடுத்தேன், டீ குடித்தேன்.

அவர் வேலை செய்த வரிசைதான் நான் உங்களிடம் சொல்ல விரும்புவது. என்ஜின் வந்த அன்றே அதைத் துணி போட்டு மூடி, ஷெட்டின் மூலையில் நிறுத்திவிட்டார். முதலில் காரின் இரு பக்க அடிவிளிம்புகளைச் சோதித்தார். திறந்த காரில் கூரை இல்லாததால் உடலின் பலமே அந்த விளிம்பில்தான் இருக்கிறது; துரு பிடிப்பதும் அங்கேதான். கதவுக்கும் உடலுக்கும் நடுவிலுள்ள இடைவெளியை அளந்தார். பிறகு காரை ஜாக்கியில் தூக்கி, மறுபடி அளந்தார். இடைவெளி மாறினால் கூடு வளைகிறது என்று அர்த்தம். ஒரு பக்கம் மாறியது. அந்த விளிம்பை வெட்டி எடுத்துப் புதிய தகடு வைத்து வெல்டு செய்தார். வெட்டுவதற்கு முன் கதவு இடைவெளி மாறாமலிருக்க குறுக்கே கம்பி கட்டினார்.

அடுத்தது பிரேக். அடுத்தது ஆக்சில் விகிதம். அடுத்தது முன் ஸ்பிரிங். அடுத்தது பெரிய ரேடியேட்டர். ஒவ்வொன்றையும் மாற்றியதும், பழைய 95 குதிரைத்திறன் என்ஜினோடு காரைச் சாலையில் ஓட்டிப் பார்த்தார். எனக்குப் பொறுக்கவில்லை. "எல்லாத்தையும் ஒண்ணா மாத்திட்டு ஒரே தடவை ஓட்டினா என்ன?" என்று கேட்டேன். அவர் சொன்ன பதிலை நம் பாஷையில் சொல்கிறேன்: "ஒரே நாளில் ஆறு மாற்றம் செய்தால், ஏதோ ஒரு சத்தம் வரும்போது ஆறு பேரைச் சந்தேகப்பட வேண்டும். ஒவ்வொன்றாகச் செய்தால் குற்றவாளி ஒருவன்தான்." நான் வேலை செய்யும் சோதனைக்கூடத்தில் இதற்குப் பெரிய பெயர் வைத்து ஐம்பது பக்கம் அறிக்கை எழுதுகிறோம். அவர் டீ கோப்பையைக் கையில் வைத்துக்கொண்டே சொல்லிவிட்டார்.

இரண்டு கோடை போயிற்று. பக்கத்துத் தெருக்காரர்கள் கேலி செய்தார்கள். அவர் அசையவில்லை. ஒருநாள் காரணம் சொன்னார். அவருடைய மகளுக்கு இந்தக் கார் மேல் ஆசை. அவருக்குப் பின் அவள்தான் ஓட்டப்போகிறாள். "நான் ஓட்டினால் என் கைக்கு இதன் குணம் தெரியும். அவளுக்குத் தெரியாது. தெரியாதவர் ஓட்டினாலும் காப்பாற்ற வேண்டும்" என்றார். அவையோரே, பொறியியல் வடிவமைப்புக்கு இதைவிடச் சுருக்கமான இலக்கணத்தை நான் எங்கும் கேட்டதில்லை. நாம் செய்கிற பொருளை நம்மைவிட அதிகம் தெரிந்தவர் யாரும் பயன்படுத்துவதில்லை. தெரியாதவர்தான் பயன்படுத்துகிறார்.

கடைசியில் என்ஜின் உள்ளே போனது. எக்ஸாஸ்ட் மேனிஃபோல்டு ஸ்டீயரிங் தண்டை இடிக்கிற இடம்தான் பெரிய தலைவலி. தண்டில் ஒரு யுனிவர்சல் ஜாயின்ட் சேர்த்து வளைத்துக் கொண்டுபோனார். இன்ஷூரன்ஸ் கம்பெனிக்கு எழுதினார், வண்டிப் பதிவு அலுவலகத்துக்கு என்ஜின் மாற்றத்தைத் தெரிவித்தார். முதல் தடவை ஓட்டிவிட்டு வந்து இறங்கியதும் வேகத்தைப் பற்றி ஒரு வார்த்தை பேசவில்லை. நான்கு சக்கரத்தின் நடுவிலும், ஆக்சில் கூட்டின் மேலும் கையை வைத்து வைத்துப் பார்த்தார். காய்ச்சல் கண்ட குழந்தையின் நெற்றியைத் தொட்டுப் பார்க்கிற மாதிரி. எங்கும் அளவுக்கு மீறிச் சூடு இல்லை. அப்புறம்தான் சிரித்தார்.

இங்கிலாந்துக் கதை போதும், நம் ஊருக்கு என்ன சம்பந்தம் என்று நினைப்பீர்கள். சம்பந்தம் உண்டு. ரோவர் கம்பெனி 1976-இல் எஸ்.டி.1 என்ற பெரிய காரைக் கொண்டுவந்தது. இதே 3.5 லிட்டர் வி-8 என்ஜினோடு வந்த கார். அதே கார் 1985-இல் நம் சென்னையில், பெருங்களத்தூர் ஸ்டாண்டர்ட் மோட்டார் தொழிற்சாலையில் 'ஸ்டாண்டர்ட் 2000' என்ற பெயரில் பிறந்தது. மூத்த அண்ணன்மார் பலர் பார்த்திருப்பீர்கள். அழகான வண்டி. ஆனால் உள்ளே வி-8 இல்லை. 1,991 சிசி, நான்கு சிலிண்டர், 83 குதிரைத்திறன். 1940-களின் வான்கார்டு கார் காலத்து என்ஜின் குடும்பம் அது. அதே குடும்பம்தான் ஃபெர்குசன் டிராக்டரிலும் உழைத்தது. உழைப்பில் குறை சொல்ல முடியாத என்ஜின். ஆனால் ஒன்றேகால் டன்னுக்கு மேல் எடையுள்ள உடலை இழுக்க 83 குதிரை. நம் சாலைக்காகக் காரின் உயரத்தையும் கூட்டினார்கள். வேகமும் போதவில்லை, பெட்ரோலும் கட்டுப்படியாகவில்லை என்று வாங்கியவர்கள் குறைப்பட்டார்கள். 1980-களின் இறுதியில் உற்பத்தி நின்றது; தொழிற்சாலையும் மூடியது.

ஒரு தொழிற்சாலை மூடுவதற்கு ஒரு என்ஜின் மட்டுமே காரணம் என்று நான் சொல்லமாட்டேன். அந்தக் காலத்து உரிமச் சட்டங்கள், இறக்குமதிக் கட்டுப்பாடு, போட்டி எல்லாம் உண்டு. கையில் இருந்ததை வைத்துத்தான் அந்தப் பொறியாளர்களும் செய்தார்கள். ஆனால் பாடம் ஒன்றுதான். ஆபிங்டனில் காருக்கு மீறிய கனத்தை வைத்தார்கள், பெருங்களத்தூரில் உடலுக்குப் போதாத பலத்தை வைத்தார்கள். இரண்டு இடத்திலும் என்ஜின் நல்ல என்ஜின், கார் நல்ல கார். கல்யாணம்தான் சரியில்லை. அங்கே போனது ஒரு மாடல். இங்கே பல குடும்பங்களின் சம்பளம்.

இப்போது தம்பி தங்கைகளுக்கு நேராகச் சில வார்த்தைகள். முதலாவது, சட்டம். நம் நாட்டில் மோட்டார் வாகனச் சட்டம் 52-ஆம் பிரிவு, ஆர்.சி. புத்தகத்தில் கம்பெனி குறித்த விவரத்துக்கு மாறாக வண்டியை மாற்றக் கூடாது என்கிறது. 2019 ஜனவரியில் உச்ச நீதிமன்றமும் அதை உறுதி செய்தது. ஆகவே சாலையில் ஓடும் வண்டியில் கை வைக்காதீர்கள். விபத்து நடந்தால் இன்ஷூரன்ஸ்காரர் முதலில் தேடுவது இதைத்தான். அடிபடுபவர் பெரும்பாலும் நீங்கள் இல்லை. பின்சீட்டில் உட்கார்ந்த நண்பன், இல்லை ரோட்டோரம் நடந்து போகிற ஒருவர்.

இரண்டாவது, ஆசையை விட்டுவிடாதீர்கள். எஸ்.ஏ.இ. மாணவர் போட்டிகள் இருக்கின்றன. சாலைக்கு வராத வண்டியை நீங்களே முழுக்கச் செய்யலாம். நம் பணிமனையில் பழைய ஜீப் ஆக்சில் இன்றும் கிடக்கிறது, காலையில் போய்ப் பார்த்துவிட்டுத்தான் வந்தேன். அதைப் பிரித்துப் பல் எண்ணுங்கள். கிரௌன் வீல் எத்தனை, பினியன் எத்தனை, விகிதம் என்ன, எந்த முறுக்குவிசைக்கு அந்த ஷாஃப்ட்டின் விட்டத்தை வைத்தார்கள் என்று டிசைன் டேட்டா புத்தகத்தை வைத்துக்கொண்டு திருப்பிக் கணக்குப் போடுங்கள். ஒருவர் போட்ட கணக்கின் விடை இரும்பாக உங்கள் முன்னால் கிடக்கிறது. விடையிலிருந்து கேள்விக்குப் போகப் பழகுங்கள்.

மூன்றாவது, இன்று பழைய கார்களில் பெட்ரோல் என்ஜினை எடுத்துவிட்டு மின்மோட்டார் வைக்கும் வேலை பல நாடுகளில் நடக்கிறது. எம்.ஜி.பி.க்கும் செய்கிறார்கள். உங்கள் காலத்து என்ஜின் மாற்றம் அதுதான். பெயர் மாறினாலும் கேள்விகள் மாறவில்லை. மின்மோட்டார் சுற்ற ஆரம்பித்த கணத்திலேயே முழு முறுக்குவிசையைத் தந்துவிடும், ஆக்சில் தாங்குமா? பேட்டரியின் எடை எங்கே உட்காரும்? சூடு எந்த வழியாக வெளியேறும்? பிரேக் எப்படி இருக்கு? எம்.ஜி.சி.யைக் கேட்ட அதே கேள்விகள்.

ஒரு காரின் ஒவ்வொரு பாகமும், யாரோ ஒரு பொறியாளர் ஒரு குறிப்பிட்ட என்ஜினை மனதில் வைத்துப் போட்ட கணக்கு. என்ஜினை மாற்றினால் அத்தனை கணக்கையும் திரும்பப் போட வேண்டும். போடத் தயார் என்றால் என்ஜினை வாங்குங்கள். அந்தக் கணக்கைப் போட எங்களுக்குக் கற்றுக்கொடுத்தது இந்தக் கல்லூரி. கற்றுக்கொடுத்த ஆசிரியர்கள் முன்வரிசையில் அமர்ந்திருக்கிறார்கள்.

சங்கத்துக்கு ஒரு விண்ணப்பம் வைத்து முடிக்கிறேன். பணிமனையில் ஒரு பழைய கார், முழு வண்டியாக, மாணவர்கள் பிரித்துச் சேர்ப்பதற்கென்றே வேண்டும். விலைக்குப் போகாத வண்டி யார் வீட்டிலாவது நின்றுகொண்டிருந்தால் சொல்லுங்கள். கொண்டுவரும் செலவில் என் பங்கை நான் ஏற்றுக்கொள்கிறேன். மற்ற பங்குகளுக்கு என் வகுப்புத் தோழர்கள் கை தூக்குகிறார்கள், பாருங்கள். தூக்காதவர்கள் பெயரையும் குறித்துக்கொண்டேன்.